ஒரே வரைபடம், மூன்று கப்பல்கள்: ஒலிம்பிக்கும் அதன் தங்கைகளும்

1911 ஜூனில் ஒலிம்பிக் கப்பல் முதல் பயணம் கிளம்பியபோது பதிவேட்டில் அதன் அளவு 45,324 டன். பத்து மாதம் கழித்து 1912 ஏப்ரலில் கிளம்பிய டைட்டானிக்குக்கு 46,328 டன். இரண்டும் பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழும்பியவை. இரண்டின் நீளமும் 882 அடி 9 அங்குலம். அகலமும் ஒன்றுதான், இயந்திர அமைப்பும் ஒன்றுதான். அப்படியானால் அந்த 1,004 டன் எங்கிருந்து வந்தது?

டைட்டானிக்கில் இரும்பை அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். டன் என்ற சொல் செய்கிற குழப்பம் இது. கப்பல் பதிவேட்டில் வரும் மொத்த டன் எடைக் கணக்கே கிடையாது. பழைய காலத்தில் ஒரு கப்பலில் எத்தனை மது பீப்பாய் ஏற்றலாம் என்று எண்ணி வரி போட்டார்கள். அந்தப் பீப்பாயின் பெயர்தான் டன் ஆனது. பிறகு அது கொள்ளளவுக் கணக்காக மாறி, கப்பலுக்குள் நான்கு பக்கமும் மூடிய இடம் 100 கன அடி இருந்தால் ஒரு டன் என்று நிலைத்தது. காற்றுக்குத் திறந்து கிடக்கும் தளம் இந்தக் கணக்கில் வராது.

ஆகவே 1,004 டன் என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம் கன அடி. பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி என்று ஓர் அறையை மனதில் வைத்தால் அப்படி நூறு அறை. அக்காவிடம் இல்லாத அந்த நூறு அறை அளவு இடம் தங்கையின் உடலுக்குள் எங்கோ மூடப்பட்டிருக்கிறது. அதைத் தேடிப் போனால், சகோதரிக் கப்பல் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்கு என்ன பொருள் என்பதும் கூடவே புரியும்.

முதலில் கப்பலின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மேலே படகுத் தளம். அதன் கீழே ஏ முதல் ஜி வரை ஏழு தளங்கள். பயணிகளைப் பிரித்தது உயரம் மட்டும் என்று தோன்றும். உண்மையில் நீளவாக்குப் பிரிவுதான் இன்னும் முக்கியம். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி குறைவாக ஆடும், முனைகள் அதிகமாக ஆடும். பின்முனையில் சுழலிகளின் அதிர்வு வேறு. எனவே நடுப்பகுதி மேலிருந்து கீழ்வரை முதல் வகுப்புக்கு. அதற்குச் சற்றுப் பின்னால் இரண்டாம் வகுப்பு. மிச்சமிருந்த இரண்டு முனைகளும் மூன்றாம் வகுப்புக்கு. நம் மீனவர்கள் அணியம், அமரம் என்பார்களே, அந்த முன்முனையும் பின்முனையும்தான் ஏழைகளின் இடம். தனியாக வந்த ஆண்களை அணியத்தில் வைத்தார்கள். குடும்பங்களும் தனியாக வந்த பெண்களும் அமரத்தில். இரண்டுக்கும் நடுவே இ தளத்தில், கப்பலின் இடப்பக்கமாக, நீண்ட நடைபாதை ஒன்று ஓடியது. லிவர்பூலின் ஒரு தெருப்பெயரை வைத்து மாலுமிகள் அதை ஸ்காட்லண்ட் ரோடு என்று கூப்பிட்டார்கள். அதிகாரிகளோ லண்டனின் பணக்காரத் தெருவான பார்க் லேன் பெயரால் அழைத்தார்கள். ஒரே நடைபாதைக்கு இரண்டு பெயர்!

மூன்றாம் வகுப்பை வேலியும் கதவும் வைத்துப் பிரித்ததற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. அமெரிக்கக் குடியேற்ற விதிகளின்படி, குடியேறுகிறவர்கள் மற்றப் பயணிகளோடு கலக்கக் கூடாது. தொற்றுநோய் பற்றிய பயம்தான் காரணம். முதலிரண்டு வகுப்பினரைக் கப்பலிலேயே பெயருக்குப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பினர் நியூயார்க் துறைமுகத்தில் குடியேற்றச் சோதனை நடந்த எல்லிஸ் தீவுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே யாரையாவது திருப்பி அனுப்பினால் செலவு கப்பல் நிறுவனத்துடையது. ஆகவே வரைபடம் போடுகிறவர் மேசையில் கட்டடக்கலையோடு நியூயார்க் துறைமுகத்தின் மருத்துவ விதிகளும் விரிந்து கிடந்தன.

இந்த எலும்புக்கூடு அக்கா, தங்கை இருவருக்கும் பொது. மாறியது அதற்குள் இருந்த சதை. அதுவும் ஏ, பி என்ற இரண்டு தளங்களில்தான் பெரும்பாலும்.

ஒலிம்பிக்கில் முதல் வகுப்பினர் காற்று வாங்க நடப்பதற்கென்று இரண்டு தளங்களை ஒதுக்கியிருந்தார்கள். ஏ தளத்தில் கப்பலின் இரு பக்கமும் நீளநெடுகத் திறந்த நடைதளம். அதற்கு நேர் கீழே பி தளத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்து மூடிய இன்னொரு நடைதளம். வெயில் நாளில் மேலே நடக்கலாம், குளிரும் சாரலும் என்றால் கீழே நடக்கலாம் என்பது எண்ணம். காகிதத்தில் நல்ல யோசனைதான்.

ஒலிம்பிக்கின் முதல் பயணத்தில் வொயிட் ஸ்டார் நிறுவனத் தலைவர் ப்ரூஸ் இஸ்மேயும், வடிவமைப்பைக் கவனித்த தாமஸ் ஆண்ட்ரூஸும் கூடவே போனார்கள். விருந்து சாப்பிடப் போகவில்லை, குறை பார்க்கப் போனார்கள். மெத்தை அளவுக்கு மீறித் துள்ளுகிறது என்பது இஸ்மே கண்ட குறைகளில் ஒன்று. கழிவறையில் சுருட்டு வைக்க ஒரு தாங்கி இல்லை என்பது இன்னொன்று. ஊழியர் சமையலறைக்கு உருளைக்கிழங்கு தோல் சீவும் கருவி வேண்டும் என்றும் குறித்தார். கோடிக்கணக்கில் பணம் போட்டுக் கட்டிய கப்பலில் முதலாளி சுருட்டுத் தாங்கியை யோசிக்கிறாரே என்று சிரிப்பு வரலாம். ஆனால் அதே கண்தான் பெரிய விஷயத்தையும் பிடித்தது: பி தள நடைதளத்தில் ஆளே இல்லை. மேலே ஏ தளத்திலேயே தாராளமான இடம் இருந்ததால் யாரும் கீழே இறங்கி நடக்கவில்லை. கப்பலிலேயே விலை உயர்ந்த இடம், நடுப்பகுதியில், கடலைப் பார்த்தபடி, இரு பக்கமும் சும்மா கிடந்தது.

டைட்டானிக்கில் அந்த நடைதளத்தை எடுத்துவிட்டார்கள். ஒலிம்பிக்கில் பி தள அறைகளின் ஜன்னலுக்கு வெளியே நடைதளம் இருந்தது. அறையில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நடுவே போகிறவர் வருகிறவர் எல்லாரையும் தாண்டித்தான் பார்க்க வேண்டும். டைட்டானிக்கில் அறைகளையே கப்பலின் வெளிச்சுவர்வரை நீட்டினார்கள். அறை பெரிதானது, கடல் நேரே ஜன்னலுக்கு வந்தது, மறைவும் கிடைத்தது. இந்தத் தளத்தின் சிகரம் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு பெரிய சொகுசுத் தொகுதிகள். வரவேற்பறை, படுக்கையறைகள், துணி வைக்கும் அறைகள், குளியலறை, இவற்றோடு யாரும் நுழைய முடியாத சொந்த நடைதளம் ஒன்று, சுமார் 50 அடி நீளத்தில். பழைய ஆங்கில வீடுகளில் இருப்பது போல மரச்சட்டம் போட்டு அதை அலங்கரித்திருந்தார்கள். எல்லாருக்குமான நடைதளத்தை யாரும் பயன்படுத்தவில்லை என்று எடுத்தார்களே, அதிலிருந்தே ஒரு துண்டை வெட்டி ஒருவருக்கு மட்டும் என்று விற்றார்கள். வியாபார மூளை என்றால் இதுதான். டைட்டானிக்கின் ஒரே பயணத்தில் ஒரு தொகுதியில் இஸ்மே தங்கினார். மற்றதில் தங்கிய பிலடெல்பியாவின் ஷார்லட் கார்டேசா கொடுத்த கட்டணம் 512 பவுண்டு சொச்சம். அதே கப்பலில் மூன்றாம் வகுப்புச் சீட்டு ஏழெட்டு பவுண்டு.

பி தளத்தின் பின்பகுதியில் இருந்த உணவகமும் மாறியது. டி தளத்து உணவுக்கூடம் கட்டணத்திலேயே அடங்கியது. இது அப்படியில்லை. பட்டியல் பார்த்து, வேண்டியதைச் சொல்லி, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடம். லூயிஜி காட்டி என்ற இத்தாலியர் பொறுப்பில் நடந்தது. ஒலிம்பிக்கில் அதற்கு நல்ல கூட்டம். ஆகவே டைட்டானிக்கில் அதை அகலப்படுத்தினார்கள், வெளியே காத்திருக்க ஒரு வரவேற்பறை கொடுத்தார்கள், வலப்பக்கம் கஃபே பாரிசியன் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பாரிஸ் தெருவோரக் காப்பிக்கடை போலப் பிரம்பு நாற்காலி, சுவரில் மரச்சட்டம், அதில் படர்ந்த கொடி. பெரிய ஜன்னல் வழியே அட்லாண்டிக் கடல்.

இந்த உள்மாற்றம் வெளியேயும் தெரிந்தது. ஒலிம்பிக்கின் பி தளத்தில் ஜன்னல்கள் அளவெடுத்த மாதிரி சம இடைவெளியில் இருக்கும். நடைதளத்துக்கு எங்கே ஜன்னல் வைத்தால் என்ன, ஒரே சீராக வைக்கலாம். டைட்டானிக்கின் பி தளத்தில் ஒடுக்கமான ஜன்னல்கள், இடைவெளி ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் தள்ளியும் இருக்கும். ஒவ்வோர் அறையின் சுவர் எங்கே வருகிறதோ அதற்கேற்ப ஜன்னல் வந்தது. பழைய படத்தில் இருப்பது எந்தக் கப்பல் என்று சந்தேகம் வந்தால் முதலில் இந்த வரிசையைப் பாருங்கள்.

ஏ தளத்து மாற்றம் இன்னும் கண்ணில் படும். ஒலிம்பிக்கில் முன்பகுதியில் நடந்தவர்கள் மேல் கடல் சாரல் தெறித்தது என்று புகார். டைட்டானிக்கில் ஏ தளத்தின் முன்பாதியை மட்டும் இரும்புத் தடுப்பும் கண்ணாடி ஜன்னலும் வைத்து மூடினார்கள். பின்பாதி திறந்தே இருந்தது. கட்டுமானத்தின் கடைசிக் கட்டத்தில் சேர்த்தது இது. இந்த ஜன்னல்களிடம் திரும்ப வருவேன்.

ஏ தளத்திலேயே பின்பக்கப் படிக்கட்டை ஒட்டி ஒலிம்பிக்கில் இல்லாத இரண்டு அறைகளும் டைட்டானிக்கில் முளைத்தன. அவற்றில் ஒன்றான ஏ 36-இல்தான் ஆண்ட்ரூஸ் தங்கினார். டி தளத்தில் உணவுக்கூடத்துக்கு முன்னால் இருந்த வரவேற்பறையையும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். சாப்பாட்டு மணிக்கு முன்னும் பின்னும் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள் என்பது ஒலிம்பிக்கில் தெரிந்துவிட்டது.

ஆக நூறு அறைக்குக் கணக்கு பெரும்பாலும் முடிந்தது. இரண்டாம், மூன்றாம் வகுப்பு? பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அங்கே குறை இல்லாமல் இல்லை. எழுநூறு பேர் பயணம் செய்த மூன்றாம் வகுப்புக்கு மொத்தம் இரண்டே குளியல் தொட்டி. அதைப் பற்றி முதலாளி குறிப்பு எழுதியதாகத் தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால், பழைய கப்பல்களின் திறந்த கூடப் படுக்கைகளோடு ஒப்பிடுகையில் இந்த மூன்றாம் வகுப்பு நல்ல முன்னேற்றம்தான். பெரும்பாலோருக்குக் கதவு வைத்த அறை, எஃப் தளத்தில் மேசை நாற்காலி போட்ட உணவுக்கூடம், பொதுக்கூடம், புகைக்கும் அறை எல்லாம் உண்டு. இரண்டாம் வகுப்புக்கோ மின்தூக்கியே இருந்தது. சில அறைகளை இரண்டு வகுப்புக்கும் பொதுவாகவே வடிவமைத்திருந்தார்கள். கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். முனைகளில் சில இடங்களில் மரத் தடுப்புகளைக் கழற்றி எடுத்துவிட முடியும். மூன்றாம் வகுப்பின் சுவர்கள் நகரக்கூடியவை, முதல் வகுப்பின் சுவர்கள் செதுக்கியவை.

மற்றக் குடும்பங்கள்

எல்லா அக்கா தங்கைகளும் இப்படி மாறியவர்கள் என்று நினைக்க வேண்டாம். போட்டி நிறுவனமான குனார்டின் லூசிடானியா, மௌரிடானியா இரண்டும் 1907-இல் இரண்டு மாத இடைவெளியில் ஓடத் தொடங்கின. ஒன்றின் தவறைப் பார்த்து மற்றதைத் திருத்த நேரமே இல்லை. அதோடு அரசாங்கக் கடனில், கடற்படை போட்ட நிபந்தனைப்படி கட்டியவை. போர் வந்தால் ஆயுதம் ஏற்ற வேண்டும், இயந்திரங்கள் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பக்கவாட்டில் நிலக்கரிக் கிடங்கு இருக்க வேண்டும். வரைபடத்தில் கைவைக்க இடம் குறைவு. எனவே இருப்பிட அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு அலங்காரத்தில் வந்தது. லூசிடானியாவை கிளைட் நதிக்கரையில் ஜான் பிரவுன் தளம் கட்டியது. உள்ளலங்காரம் ஜேம்ஸ் மில்லர். வெள்ளைச் சுண்ணவேலை, பொன்வண்ணம், வெளிச்சம். மௌரிடானியாவை டைன் நதிக்கரையில் ஸ்வான் ஹன்டர் கட்டியது. அலங்காரம் ஹரால்ட் பீட்டோ. வால்நட், மகாகனி, ஓக் என்று எங்கு பார்த்தாலும் கருமரச் செதுக்கு வேலை. ஒரே வீட்டுக்கு இரண்டு மருமகள் வந்து ஆளுக்கொரு பாதியை அலங்கரித்த மாதிரி.

இந்தக் கப்பல்களில் வேகம்தான் ராஜா. அதனால் பின்முனை அதிர்ந்தது. ஒலிம்பிக்கைப் போல் இல்லாமல் இங்கே அமரத்தை இரண்டாம் வகுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு முன்பக்கம். லூசிடானியாவின் சோதனை ஓட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பகுதி உட்கார முடியாத அளவுக்கு நடுங்கியது. அந்தப் பகுதியைப் பிரித்துப் போட்டுத் தூண்களும் வளைவுகளும் கொடுத்து முட்டுக்கட்டினார்கள். பார்க்கிறவர்களுக்கு அந்த வளைவுகள் அலங்காரம். கட்டியவர்களுக்குத்தான் அது கட்டு என்று தெரியும்.

ஜெர்மானியக் குடும்பம் வேறு ரகம். ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின் மூன்று ராட்சதக் கப்பல்களைத் திட்டமிட்டார். முதலாவது இம்பெரேட்டர், 1913. மேலே பளிங்கும் கனத்த அலங்காரமும் ஏற்றி, தலை கனத்துச் சாய்ந்து சாய்ந்து ஓடியது. முதல் பருவம் முடிந்ததும் பளிங்கைக் கழற்றி, புகைபோக்கிகளைக் குட்டையாக்கி, அடியில் சிமெண்ட் கொட்டிச் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஃபாட்டர்லாண்டில் ஒரு புதுமை. எல்லாக் கப்பலிலும் கொதிகலனிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாய், தளங்களின் நட்டநடுவே துளைத்துக்கொண்டு மேலேறும். ஒலிம்பிக்கில் முதல் வகுப்புக் கூடமும் புகைக்கும் அறையும் இந்தக் குழாய்களின் நடுவே கிடைத்த இடைவெளியில் அடங்கியவைதான். ஃபாட்டர்லாண்டில் அந்தக் குழாயை இரண்டாகப் பிளந்து கப்பலின் இரு ஓரங்கள் வழியே ஏற்றி மேலே சேர்த்தார்கள். நடுப்பகுதி விடுதலையானது. ஒரு கூடத்தில் நின்று அடுத்த கூடம், அதற்கடுத்த கூடம் என்று நேர்கோட்டில் பார்வை ஓடும். இடம் பிரிப்பதில் அந்தக் காலத்தில் நடந்த மிகப் பெரிய பாய்ச்சல் இதுதான் என்பது என் கருத்து. டைட்டானிக்கின் சொந்த நடைதளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அக்காவுக்குத் தங்கையின் சட்டை

சரி, பெல்ஃபாஸ்டுக்குத் திரும்புவோம். டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1912 அக்டோபரில் ஒலிம்பிக்கைத் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். 20 உயிர்காப்புப் படகுகள் 64 ஆயின. உட்பக்கம் இரண்டாவது தோல் மாதிரி இன்னொரு இரும்புச் சுவர் வைத்தார்கள். நீர்தடுப்புச் சுவர்களில் ஐந்தை பி தளம்வரை உயர்த்தினார்கள். பாதுகாப்பு வேலை இது. ஆனால் அதே கையோடு பி தளத்து நடைதளத்தையும் மாற்றிக் கூடுதல் அறைகளும் குளியலறைகளும் போட்டார்கள், உணவகத்தைப் பெரிதாக்கினார்கள், கஃபே பாரிசியனும் வைத்தார்கள். மூழ்கிய கப்பலில் ஐந்தே நாள் சோதித்த யோசனைகள் அக்காவின் உடம்பில் ஏறின. அப்புறம் போர் முடிந்து நடந்த சீரமைப்போடு ஒலிம்பிக்கின் கணக்கு 46,439 டன் ஆனது. டைட்டானிக்கைவிட 111 டன் அதிகம். தங்கையின் உயரத்தை அக்கா தாண்டியாயிற்று.

இரண்டு கப்பலையும் மாற்றிவிட்டார்கள், மூழ்கியது ஒலிம்பிக்தான் என்று ஒரு கதை உலவுகிறதே, அது இந்த ஜன்னல், துவாரக் கணக்கிலிருந்து கிளம்பியது. சி தளத்தின் முன்பகுதியில் ஒலிம்பிக்குக்கு முதலில் 14 வட்டத் துவாரம், டைட்டானிக்குக்கு 16 என்பதில் தொடங்குவார்கள். கப்பல்கள் கடைசிவரை திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தன என்பதை மறந்தால் இப்படித்தான் தோன்றும். கட்டுமானத்தில் டைட்டானிக்கின் எண் 401, ஒலிம்பிக்கின் எண் 400. கடலடியில் கிடக்கும் சிதைவின் சுழலியில் இருப்பது 401. மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

கடைக்குட்டி பிரிட்டானிக். 1914 பிப்ரவரியில் நீரில் இறங்கியது. டைட்டானிக்கின் பாடத்தால் இதற்கு இரட்டைத் தோல் முதலிலேயே வந்தது. அதனால் அகலம் சுமார் ஒன்றரை அடி கூடி 94 அடி ஆனது. மொத்தம் 48,158 டன். முதல் வகுப்பில் ஏறக்குறைய எல்லா அறைக்கும் சொந்தக் குளியலறை, பி தளத்தில் சிகை அலங்காரக் கூடம், படகுத் தளத்தில் குழந்தைகள் விளையாட்டு அறை, பெரிய படிக்கட்டில் தானே வாசிக்கும் குழாய் ஆர்கன் என்று திட்டமிட்டார்கள். குழந்தைகளுக்கென்று தனி அறை என்பது எனக்கு இந்தப் பட்டியலிலேயே பிடித்த வரி. பணக்காரக் குடும்பங்கள் பிள்ளைகளோடு பயணம் செய்கின்றன என்பதை இரண்டு கப்பல் கட்டிய பிறகுதான் யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பின் பக்கமும் முதல்முறையாகக் கண் திரும்பியது. பின்பக்கத்துப் பள்ளமான திறந்தவெளியின் மேல் ஒரு கூரைத் தளம் போட்டார்கள். மழையிலும் வெயிலிலும் நிற்க அவர்களுக்கு இடம் கிடைத்தது. ராட்சதப் படகுத் தூக்கிகளைப் பின்முனைத் தளத்திலும் வைக்கத் திட்டமிட்டார்கள். அதற்கு முன்பு படகுகள் எல்லாமே மேல்தளத்தில், முதலிரண்டு வகுப்பினர் உலாவும் இடத்தில் இருந்தன. மூன்றாம் வகுப்பினர் படகைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது படகு அவர்கள் நிற்கும் தளத்துக்கே வந்தது. இந்தக் குடும்பத்தின் வரைபடங்களில் நான் பார்க்கும் நேர்மையான மாற்றம் இது.

ஆனால் பிரிட்டானிக் ஒரு பயணிக்கும் சீட்டு விற்கவில்லை. 1915 இறுதியில் அதை மருத்துவமனைக் கப்பல் ஆக்கினார்கள். உணவுக்கூடமும் வரவேற்பறையும் அறுவைச் சிகிச்சை அறைகளாயின. பி தளத்துச் சொகுசு அறைகள் மருத்துவர்களுக்கு. 3,300-க்கு மேல் படுக்கைகள். 1916 நவம்பர் 21 அன்று கிரேக்கத்தின் கியா தீவருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. 30 பேர் இறந்தார்கள். நோயாளிக் கூடங்களுக்குக் காற்று வரட்டும் என்று கீழ்த்தள வட்ட ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். சாய்ந்த கப்பலுக்குள் கடல் அவற்றின் வழியேயும் புகுந்தது. அந்த ஆர்கன் கப்பலில் ஏறவே இல்லை. இன்று ஸ்விட்சர்லாந்தின் சேவன் ஊரில் ஓர் அருங்காட்சியகத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறது.

மிஞ்சிய அக்கா மட்டும் 1935 வரை ஓடியது. 1921-லும் 1924-லும் அமெரிக்கா குடியேற்றத்துக்கு வரம்பு போட்டது. மூன்றாம் வகுப்பை நிரப்பிய கூட்டம் நின்றுபோனது. அந்த இடங்களைச் சீர்செய்து, ஐரோப்பா பார்க்கப் போகும் அமெரிக்க மாணவர்கள், ஆசிரியர்கள் போன்றவர்களுக்குச் சுற்றுலா மூன்றாம் வகுப்பு என்று புதுப்பெயரில் விற்றார்கள். முதல் வகுப்பு உணவுக்கூடத்தில் நடனத்தளம் வந்தது. கப்பலை உடைத்தபோது மரவேலைகள் ஏலம் போயின. இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில் ஒரு விடுதியின் உணவறையில் ஒலிம்பிக்கின் சுவர்ப்பலகைகளை இன்றும் பார்க்கலாம். டைட்டானிக்கின் படிக்கட்டு என்று புத்தகங்களில் வரும் பல படங்களும் ஒலிம்பிக்கில் எடுத்தவையே. சகோதரி என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை.

இப்போது அந்த ஏ தளத்து ஜன்னல்கள். டைட்டானிக்கின் கேப்டன் எட்வர்ட் ஸ்மித், அதற்கு முன் ஒலிம்பிக்கின் கேப்டன். 1912 ஏப்ரல் 14 நள்ளிரவுக்குப் பிறகு 4-ஆம் எண் படகைப் படகுத் தளத்திலிருந்து ஒரு தளம் கீழே இறக்கினார்கள். ஆடும் படகில் மேலிருந்து ஏறுவதைவிட ஏ தளத்து நடைதளத்திலிருந்து ஏறுவது பெண்களுக்கு எளிது. எல்லாரும் ஏ தளத்துக்கு இறங்குங்கள், அங்கிருந்து படகில் ஏறலாம் என்று கேப்டன் சொன்னார். அருகில் நின்ற ஹியூ வுல்னர் என்ற பயணி அவரிடம் போய், அங்கே கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவே, மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். கேப்டன் திடுக்கிட்டு, ஆமாம், நீங்கள் சொல்வது சரி, அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். அமெரிக்க விசாரணையில் வுல்னர் சொன்ன சாட்சியம் இது. ஸ்மித்தின் மனதில் அந்த நேரத்தில் ஒலிம்பிக்கின் திறந்த நடைதளம்தான் இருந்திருக்க வேண்டும். இறங்கியவர்கள் மேலே வந்தார்கள். ஜன்னல்களைத் திறக்க ஆள் போனது. பிறகு மறுபடி கீழே இறங்கினார்கள். முதலில் தயாரான படகுகளில் ஒன்று, 1:50 மணி அளவில்தான் கப்பலை விட்டுக் கிளம்பியது. சாய்வு நாற்காலிகளைப் படிக்கட்டுபோல அடுக்கி, சாரல் அடிக்காமல் இருக்க வைத்த அந்த ஜன்னல்கள் வழியே பெண்களும் குழந்தைகளும் ஒவ்வொருவராக ஏறி வெளியே போனார்கள்.